சிவப்பு அட்டை தந்த ஹெட்மாஸ்டர்

ஃபுட்பால் மேட்ச்சில் ரெஃப்ரி மஞ்சள் அட்டையைக் காட்டினால் எச்சரிக்கை, சிவப்பு அட்டையைக் காட்டினால் ஆட்டக்காரர் வெளியே போக வேண்டியதுதான். இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் இந்த அட்டைகளைக் கண்டுபிடித்தவர் ஒரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் என்பது உங்களுக்குத் தெரியுமா? அவர்தான் கென் ஆஸ்டன்.

இங்கிலாந்தில் உள்ள கோல்செஸ்டர் என்ற ஊரில் 1915ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி பிறந்தார். படித்து ஆசிரியர் ஆனார். 1936இல் ரெஃப்ரி ஆவதற்கான தகுதியும் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பணியாற்றி, லெப்டினன்ட் கர்னல் பதவி வரை உயர்ந்தார். போர் முடிந்ததும் மறுபடி விசிலைக் கையில் எடுத்தார். மூடுபனியில் லைன்ஸ்மேன் கையிலுள்ள கொடி சரியாகத் தெரியவில்லை என்று, பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நிறக் கொடிகளைக் கொண்டுவந்தார். 1953இல் இல்ஃபோர்டு என்ற இடத்தில் நியூபரி பார்க் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஆனார்.

அவருக்குப் பெரிய சோதனை வந்த நாள் 1962 ஜூன் 2. உலகக் கோப்பைப் போட்டி. இடம் சிலி நாட்டின் தலைநகர் சாண்டியாகோ. சிலியும் இத்தாலியும் மோதின. 1960இல் வந்த பயங்கர பூகம்பத்தால் சிலி மக்கள் ஏற்கெனவே நொந்து போயிருந்தார்கள். இத்தாலியப் பத்திரிகைக்காரர்கள் சிலர் அந்த நாட்டைக் கேவலமாக எழுதியது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல் ஆனது. மைதானத்தில் சுமார் 66,000 பேர்!

ஆட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே முதல் ஃபவுல். கொஞ்ச நேரத்தில் இத்தாலியின் ஃபெரினியை ஆஸ்டன் வெளியே அனுப்பினார். அவரோ போக மாட்டேன் என்று அடம் பிடித்தார். கடைசியில் போலீஸ் வந்துதான் இழுத்துக்கொண்டு போனது. பிறகு சிலியின் லியோனல் சாஞ்சஸ் விட்ட குத்தில் இத்தாலியின் மாஸ்கியோவுக்கு மூக்கு உடைந்தது. சாஞ்சஸின் அப்பா ஒரு குத்துச்சண்டை வீரராம்! அந்தக் குத்து ஆஸ்டனின் கண்ணில் படவில்லை. சாஞ்சஸைத் தலையில் உதைத்த இத்தாலியின் மரியோ டேவிட் மட்டும் வெளியேற்றப்பட்டார். ஒன்பது பேரோடு ஆடிய இத்தாலி 2-0 என்று தோற்றது.

இந்த மேட்ச்சுக்கு ஆஸ்டனுக்கு நாம் எத்தனை மார்க் போடலாம்? மூக்கை உடைத்தவர் கடைசி வரை ஆடினார். கையை ஓங்கிய இன்னொரு சிலி வீரர் லாண்டாவும் ஆடினார். இரண்டு பக்கமும் தப்பு நடந்திருக்க, வெளியே போனது ஒரு பக்கம் மட்டும். அதனால் நியாயத்துக்கு மார்க் குறையத்தான் செய்யும். இத்தாலிக்காரர்களின் கோபத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்கணும். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தால் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இத்தாலி வீரர்களின் கதி என்ன ஆகியிருக்கும்? இந்தப் பயம் தனக்கு இருந்ததாக ஆஸ்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்று போல் வீடியோ பார்த்து முடிவு சொல்லும் வசதியும் அப்போது கிடையாது. அவருக்கு இருந்தது இரண்டே கண்கள்தான்.

அடுத்த வருடமே இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிக்கு அவர்தான் ரெஃப்ரி. 1966 உலகக் கோப்பையில் ரெஃப்ரிகளை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பும் கிடைத்தது. அந்தப் போட்டியில் இங்கிலாந்து - அர்ஜென்டினா காலிறுதியில் மறுபடி அதே தலைவலி! ஜெர்மன் ரெஃப்ரி கிரைட்லைன், அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை வெளியே போகச் சொன்னார். ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குப் புரியவில்லை. ராட்டின் பல நிமிடங்கள் நகரவே இல்லை. ஆஸ்டனே மைதானத்துக்குள் போய் சமாதானம் பேச வேண்டியதாயிற்று. அதே மேட்ச்சில் இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்களுக்கும் ரெஃப்ரி எச்சரிக்கை கொடுத்திருந்தார். அந்த விஷயமே அவர்களுக்கு மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்ததாம்!

இதையே யோசித்துக்கொண்டு ஆஸ்டன் லண்டனில் கார் ஓட்டிப் போனார். எதிரே டிராஃபிக் சிக்னல். மஞ்சள் வந்தால் நிதானம், சிவப்பு வந்தால் நில். எந்த நாட்டுக்காரருக்கும் புரியும். அவ்வளவுதான், பளிச்சென்று யோசனை வந்துவிட்டது! 1970இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில் அட்டைகள் முதன்முறையாக வந்தன. அதில் ஒரு சிவப்பு அட்டைகூடக் காட்டப்படவில்லை. உலகக் கோப்பையின் முதல் சிவப்பு அட்டையை 1974இல் வாங்கியவர் யார் தெரியுமா? சிலி நாட்டு வீரர் கார்லோஸ் காஸெலி!

2001 அக்டோபர் 23ஆம் தேதி கென் ஆஸ்டன் மறைந்தார். சாண்டியாகோ மேட்ச்சில் அவர் நூற்றுக்கு நூறு வாங்கவில்லை. ஆனால் எங்கே மார்க் போச்சு என்று யோசித்து, அடுத்து வரும் ரெஃப்ரிகளுக்கு அந்தக் கஷ்டம் வராமல் வழி செய்தார். பரீட்சைப் பேப்பரைத் திருப்பி வாங்கும் நமக்கு அந்த ஹெட்மாஸ்டர் நடத்திய பாடம் இதுதான்.