மெய்யே மெய்யுரைக்கும்: சோங் சி வரலாறு

கொலையுண்டவன் பேசான்; கொன்றவனோ வாய் திறவான். இவ்விருவரின் மௌனத்திற்கும் இடையே குற்றமற்ற ஒருவன் அகப்பட்டுக்கொண்டால் அவன் கதி யாது? இவ்வினாவிற்கு விடை கண்ட சீனச் சான்றோர் ஒருவரின் வாழ்வை ஈண்டு நோக்குவோம்.

தென் சோங் மரபினர் ஆண்ட காலத்தில், புஜியான் பகுதியின் ஜியான்யாங்கில் 1186-ஆம் ஆண்டு பிறந்தவர் சோங் சி. 1217-இல் அரசுப் பணிக்கான உயர்தேர்வில் வென்றார். எனினும் தந்தையாரின் நோயும் மறைவும் குறுக்கிட்டமையால் பணியேற்கப் பல்லாண்டுகள் ஆயின. பின்னர்ப் படிப்படியாக உயர்ந்து, நான்கு முறை வட்டார நீதித்துறைத் தலைமையை ஏற்றார். 1239-இல் குவாங்டாங்கில் அப்பொறுப்பில் அமர்ந்தபோது, நெடுங்காலமாகத் தீர்ப்பின்றிச் சிறையில் வாடியோரைக் கண்டார். எட்டு மாதங்களில் 200-க்கும் மேற்பட்டோர் வழக்குகளை முடித்துவைத்தார்.

முதல் பிணப் பரிசோதனையில் நேரும் பிழையே பின்வரும் அநீதிக்கெல்லாம் வித்து என்பதை அவர் உணர்ந்தார். அவ்வுணர்வின் விளைவாக 1247-இல் எழுந்ததே, அநீதியைக் கழுவுதல் எனப் பொருள்படும் பெயர் கொண்ட அவரது நூல். அதிகாரி நாற்றத்திற்கு அஞ்சி விலகாது தாமே பிணத்தை ஆராய வேண்டும் என அது பணிக்கிறது. தூக்கிட்டு இறந்தார் கழுத்துத் தடம் காதுகளுக்குப் பின்னே மேலேறும், பிடரியில் கூடாது. பிறர் கயிற்றால் நெரித்த தடமோ கழுத்தைச் சுற்றிவரும். உயிரோடு எரிந்தவர் வாயிலும் மூக்கிலும் சாம்பல் இருக்கும். கொன்றபின் எரிக்கப்பட்டவரிடம் இராது.

அந்நூல் கூறும் நிகழ்ச்சி ஒன்று சிந்திக்கத்தக்கது. அரிவாளால் வெட்டுண்டு ஒருவன் கிடந்தான். உடைமை எதுவும் களவு போகவில்லை. விசாரித்த அதிகாரி அண்டையிலுள்ளோர் அரிவாள்களையெல்லாம் கொணர்ந்து பரப்பச் செய்தார். அவை 70, 80 இருக்கும். கோடை வெயிலில் ஓர் அரிவாளை மட்டும் ஈக்கள் மொய்த்தன. கழுவியும் போகாத குருதி வாடை காட்டிக் கொடுத்தது. அதற்குரியவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

எலும்பின்மேல் குருதித்துளி விட்டு உறவுமுறை காணலாம் என்பது போன்ற பிழைகளும் அந்நூலில் உண்டு. அவை அக்கால அறிவின் எல்லை. அவர்தம் நோக்கத்தின் குறையன்று. 1249-இல் அவர் மறைந்தார். அவரது நூலோ பல நூற்றாண்டுகள் சீன நீதிமன்றங்களுக்கு வழிகாட்டிற்று.

மாணவமணிகளே, வதந்தியைக் கேட்டு ஒருவர்மேல் பழி சுமத்துமுன் சான்றை நாடுவோமாக. நமது அவசரம் பறிப்பது பிறிதோர் உயிராகவும் இருக்கலாம் என்பதை மறவாதிருப்போமாக.