சோலைக்கிளிக்குப் பேர் வெச்ச டாக்டர்

பழவேற்காடுன்னா உங்களுக்கு ஃபிளமிங்கோ ஞாபகம் வரும், பக்கத்துல ராக்கெட் விடுற ஸ்ரீஹரிகோட்டா ஞாபகம் வரும். அந்தத் தீவிலும் நெல்லூர் பக்கத்து ஊர்களிலும் காலங்காலமா வாழ்ந்தவங்க யானாதி மக்கள். அவங்ககிட்ட காட்டையும் உயிரினங்களையும் பத்திக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட ஒரு வெள்ளைக்கார டாக்டரின் கதை இது.

தாமஸ் ஜெர்டன் 1811-ல் இங்கிலாந்தில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி சர்ஜனாக 1836-ல் மெட்ராஸ் வந்தார். ராணுவ வேலை என்பதால் ஊர் ஊரா மாற்றல். போன இடத்திலெல்லாம் நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, பறவைகளைப் பார்த்தார். 1839-ல் தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை மெட்ராஸ் இதழ் ஒன்றில் வெளியிட ஆரம்பித்தார்.

நீலகிரியில் அவருக்கு ஒரு சின்னப் பறவை கிடைத்தது. மேலே நீலம், பக்கவாட்டில் செம்பழுப்பு, வயிற்றின் நடுவில் வெள்ளை. சோலைக்காட்டுப் புதருக்கடியில், தரையை ஒட்டியே திரியும். பாட்டு கேட்கும், ஆள் தெரியாது. புது இனம்னு ஜெர்டன் சரியாகவே கண்டுபிடித்தார். ஆனா எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது? வெளித்தோற்றத்தை வைத்து, செவ்வால் குருவிகளோடு சேர்த்தார். பின்னால் வந்தவங்களும் அதை ஒவ்வொரு பேரினமா மாத்திக்கிட்டே இருந்தாங்க.

அப்புறம் நெல்லூரில் சிவில் சர்ஜன் வேலை. யானாதிகளிடம் பாடம் கேட்டது அங்கேதான். 1862-64-ல் அவருடைய பெரிய படைப்பான ‘இந்தியப் பறவைகள்’ வெளிவந்தது. 1872-ல் இங்கிலாந்தில் காலமானார்.

அந்தப் பறவையின் வழக்கு 2017-லதான் முடிந்தது. மரபணுவை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், இது வேற எந்தக் கூட்டத்தோடும் ஒட்டாத தனிப் பேரினம்னு சொல்லி, ‘ஷோலிகோலா’ என்று பெயர் வைத்தார்கள். சோலையில் வாழ்வது என்று அர்த்தம். நம்ம ‘சோலை’தான் அது! இறகின் நிறம் குழப்பியதை, மரபணு தீர்த்து வைத்தது. ஜெர்டன் வைத்த ‘மேஜர்’ இன்னும் அதன் பின்னொட்டு.

நீலகிரிச் சோலைக்கிளி பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, உயரமான மலைகளில் மட்டும்தான் இருக்கு. தேயிலைக்கும் தைல மரத்துக்கும் சோலைகள் போக, இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். ஊட்டி போனால் தேயிலைத் தோட்டத்தோடு திரும்பிடாதீங்க. மிச்சமிருக்கும் ஒரு சோலையோரம் சத்தம் போடாம கொஞ்ச நேரம் நில்லுங்க. சோலை போயிட்டா, அந்தப் பேருக்கு அர்த்தமே இருக்காது.