டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

நம் கல்லூரிக்கு மேற்கே, ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் நோக்கிச் செல்வோர், தொழிற்சாலைகளின் நெடுமதில்களுக்கிடையே ஏரிநீர் பாயும் வயல்கள் சில எஞ்சியிருக்கக் காண்பர். அவ்வயலில் ஒரு சிட்டிகை மண்ணெடுப்பின், அதனுள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பயறுச்செடியின் வேர்முடிச்சில் தங்கி, காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்குவன சில. இலைதழைகளைத் தம் நொதிகளாற் சிதைத்துப் பயிருக்கு உணவாக்குவன சில. பிற கிருமிகளைக் கொல்லும் பொருளைச் சுரப்பன வேறு சில. இம்மூன்றாம் வகையினின்று மருந்து காணும் பெருமுயற்சிக்குத் தலைமை தாங்கிய நம் நாட்டார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சுப்பாராவ் பழைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் பிறந்தார். குடும்பமோ வறியது. மெட்ரிக்குலேஷன் தேர்வில் இருமுறை தவறிய அவர், மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயிலுங்கால், காந்தியடிகளின் அழைப்பைப் போற்றிக் கதராடை அணிந்தார். அதனால் ஆசிரியர் ஒருவரின் சினத்திற்கு ஆளாகி, முழுப்பட்டமாகிய எம்.பி.பி.எஸ். பெறாது, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். அவர்தம் உடன்பிறந்தார் இருவர் ஸ்புரூ என்னும் குடல்நோய்க்கு இரையாயினர். அத்துயரம் அவர் உள்ளத்தினின்றும் நீங்கவேயில்லை.

சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிற் சிலகாலம் கற்பித்தபின், அமெரிக்கா சென்று ஹார்வார்டிற் சேர்ந்தார். பொருள்முடையால், மருத்துவமனையொன்றில் இரவுநேரப் பணியாளராய் நோயாளரின் கழிகலங்களைத் துப்புரவு செய்தும் பிழைத்தார். 1925இல் பிஸ்க் என்பாருடன் கூடி, பாஸ்பரஸின் அளவை நீலநிறத்தின் அடர்த்தியால் அறியும் முறையை வகுத்தார். நொதிகள் பாஸ்பேட்டைப் பிரிக்கும் வேகத்தை அளக்க அம்முறை ஆராய்ச்சிச் சாலைகளிற் பெரிதும் பயன்பட்டது. தசையின் ஆற்றலுக்கு நிலைக்களமாகிய ஏ.டி.பி. என்னும் பொருளை அவ்விருவரும் 1929இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் அதனைத் தனித்துக் கண்டார்.

ஹார்வார்டில் நிலையான பதவி கிட்டாமையால், 1940இல் லெடர்லி ஆராய்ச்சிச் சாலையை அடைந்து, பின்னர் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கே அவர்தம் குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாய் ஆக்கினர். உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புரூ நோயின் சோகைக்கு அதுவே மருந்தாயிற்று. அவ்வமிலத்தைப் போன்ற உருவுடன் நொதியை ஏமாற்றித் தடுக்கும் அமினோப்டெரின் என்னும் பொருளையும் ஆக்கினர். 1948இல் பாஸ்டனில் பார்பர் என்னும் மருத்துவர் அதனைக் கொடுக்க, இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் சிலர் சிறிதுகாலமேனும் நலமடைந்தனர். யானைக்கால் நோய்க்கு வழங்கும் ஹெட்ராஸானும் அக்குழுவினர் ஈந்ததே.

முதியவரான டக்கர் என்னும் தாவரநூலார் அச்சாலையில் அமர்ந்து, பல இடத்து மண்ணையும் வரவழைத்துச் சோதித்து வந்தார். மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் 1888 முதல் பயிர்ச்சோதனை நடந்துவரும் ஸான்பார்ன் வயலின் மண்ணில் பொன்னிற நுண்ணுயிர் ஒன்றை 1945இல் அவர் கண்டார். அது சுரந்த பொருளே 1948இல் வெளிவந்த ஆரியோமைசின்.

அம்மருந்தை வடித்தெடுத்தபின் எஞ்சிய சக்கையைத் தீவனத்திற் கலக்கக் கோழிக்குஞ்சுகள் விரைந்து வளர்வதை அச்சாலையார் பின்னர் அறிந்தனர். வேளாண்மையில் அவ்வழக்கம் எங்கும் பரவிற்று. ஆயினும் அளவின்றி வழங்கியமையால் மருந்துக்கு அடங்காக் கிருமிகள் பெருகலாயின. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் வளர்ச்சிக்காக இத்தகைய மருந்துகளைத் தீவனத்திற் சேர்ப்பதை முற்றும் விலக்கியது. மண் தந்த மருந்தாயினும் அளவறிந்தே கொள்ளத்தக்கது என்பதை உழவரும் மருத்துவரும் மறத்தலாகாது.

அப்பயனும் அக்கேடும் காணுமுன்னரே, 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு, உறக்கத்திலேயே சுப்பாராவ் உயிர்நீத்தார். அகவை ஐம்பத்துமூன்று. புகழைத் தேடாது உழைத்த அப்பெரியாருக்கு 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

தேர்விற் பின்தங்கி வாடும் மாணவ நண்பர்களே, இருமுறை தோற்ற இவ்விளைஞரை நினைவிற் கொள்ளுங்கள். காலடியில் நாம் மிதிக்கும் மண்ணிலும் ஆராய்வார்க்கு வேண்டிய செல்வம் மிகுதியாய் உள்ளது. மதில்கள் மறைக்குமுன் ஒரகடத்து வயலின் ஒருபிடி மண்ணையேனும் எடுத்து நோக்க நம்முள் ஒருவர் முன்வருவாராக.