யானைக்கால் நோய்க்கு மருந்து தந்த சுப்பாராவ்

ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கும் நம்மவர்கள், எதிரேயுள்ள ஜெனரல் ஆஸ்பத்திரியையும் அதனையடுத்த மருத்துவக் கல்லூரியையும் கடந்தே நகருக்குள் செல்கின்றனர். அக்கல்லூரியில் நூறாண்டுகளுக்கு முன் பயின்ற ஒரு மாணவரின் உழைப்பு, அவர் பெயரையே கேட்டறியாத எத்தனையோ முஸ்லிம் வீடுகளுக்குள் மாத்திரையாக வந்து சேர்ந்திருக்கிறது. அன்னாரின் பெயர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12ஆம் நாள் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்றாம் முறைதான் தேறினார். துறவியாகிவிட வேண்டுமென்ற எண்ணம் இளமையில் அவருக்கிருந்தது. தாயார் வெங்கம்மா அதற்கு இணங்கவில்லை. தாயின் சொல்லைத் தட்டாமல் அவர் மருத்துவம் படிக்க வந்தார். அந்த ஒரு பணிவினால் உலகுக்கு விளைந்த நன்மையை என்னவென்று சொல்வது! கல்லூரியில் அவர் கதராடை உடுத்தியது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. விளைவாக எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

இதற்கிடையே ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் அவருடைய சகோதரர்கள் இருவரைச் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துக் கொண்டு போயிற்று. நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற தாகத்துடன் இளம் மனைவியைப் பிரிந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றார். ஆஸ்பத்திரியில் கீழ்நிலை வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் படித்தார். அங்கு ஆற்றிய ஆராய்ச்சிகள் பெரியவை. ஆயினும் நிலையான பதவி அங்கே கிட்டவில்லை. 1940இல் லெடர்லி என்னும் மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். இரத்த சோகைக்கு இன்றும் தரப்படும் ஃபோலிக் அமிலம் 1945இல் அங்கேதான் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கச் சிப்பாய்களுக்கு யானைக்கால் நோயின் கிருமி தொற்றியது. நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக ஏழைகளை வாட்டிய நோய், வெளிநாட்டுப் படையைத் தொட்ட பிறகே ஆராய்ச்சியாளரின் மேசைக்கு வந்தது. சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழுவினர் பருத்தி எலிகளில் பல பொருள்களைச் சோதித்து, 1947இல் ஹெட்ரசான் என்னும் மருந்தை வெளியிட்டனர். டி.ஈ.சி. மாத்திரை என்று சுகாதார ஊழியர்கள் சொல்வது இதையே.

இந்நோய் பரவும் விதத்தை அறிந்தால்தான் மருந்தின் அருமை புரியும். சாக்கடையிலும் மூடாத கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகும் கியூலக்ஸ் கொசு இதைப் பரப்புகிறது. புழுவின் குஞ்சுகள் பகலில் ஒளிந்திருந்து, இரவில் மேல் இரத்தத்தில் உலவுகின்றன. இரவில் வந்து இரத்தம் எடுப்பதன் காரணம் இதுதான். கால் வீங்குவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே கிருமி உடலில் குடியேறிவிடும். மாத்திரை அந்தக் குஞ்சுகளை ஒழித்து, பிறருக்குப் பரவாமல் தடுக்கிறது. முற்றிய வீக்கத்தை அது வடியச் செய்யாது. ஆகவே நோயில்லாதவர் போல் தோன்றும்போதே விழுங்க வேண்டிய மருந்து இது. 2004 முதல் நம் நாட்டில் நோய் இருந்த மாவட்டங்களில் ஆண்டுக்கொரு வேளை வீடு வீடாக இதைக் கொடுத்தனர். எனக்கு என்ன நோய் என்று கேட்டு அதைக் குப்பையில் எறிந்தவர்கள் நம்மிலும் உண்டு! சிலருக்கு அன்று வரும் காய்ச்சலும் தலைவலியும் பெரும்பாலும் கிருமி சாவதால் வருபவை. கர்ப்பிணிகளும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும், கடும் நோயாளிகளும் இதை உண்ணலாகாது. வெறும் வயிற்றிலும் கூடாது. நோன்பாளியாயின் இஃப்தாருக்குப் பின் உணவருந்திவிட்டு விழுங்கலாம்.

கால் வீங்கிவிட்டவர்களுக்கு டாக்டர்கள் சொல்லும் முறையைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். தினமும் சோப்பிட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்குகளையும் விடாமல் தேய்த்து, ஈரம் போகத் துடைக்க வேண்டும். புண் வழியே வேறு கிருமிகள் புகுந்து காய்ச்சல் வருவதை இது தடுக்கிறது. ஒளூ செய்யும்போது விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவும் நமக்கு இது புதிதன்று. துடைப்பதைத்தான் மறந்துவிடுகிறோம். பள்ளியில் நாற்காலியில் அமர்ந்து தொழும் இத்தகைய முதியவர்களுக்கு ஹவ்லருகே ஓர் உலர்ந்த துண்டு வைக்க முத்தவல்லிமார் ஏற்பாடு செய்யட்டும். ஒருவர் துடைத்ததை மற்றவர் உபயோகிக்காதிருப்பது நலம்.

அதே ஆராய்ச்சிக் கூடத்தில் முதியவரான பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து எடுத்த கிருமியைக் கொண்டு ஆரியோமைசின் உருவாயிற்று. 1948இல் வெளிவந்த அம்மருந்தே டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. மழைக்காலத்தில் நம் பக்கம் தலைகாட்டும் உண்ணிக் காய்ச்சலுக்குத் தரப்படும் டாக்சிசைக்ளின் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. சுப்பாராவ் தலைவராயிருந்தும், கண்டுபிடித்த பெருமையை டக்கருக்கே விட்டுக்கொடுத்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டில், தம் 53ஆம் வயதில், உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். புறப்பட்ட நாள் தொட்டு ஒருமுறைகூட அவர் தாய்நாடு திரும்பவில்லை. ஊரில் மனைவி சேஷகிரி காத்திருந்தார். 1995இல், பிறந்து நூறாண்டு கழிந்தபின், இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.