சிலந்திகளுக்குப் பெயர் சூட்டியவர்!

குழந்தைகளே, வீட்டு மூலையில் எட்டுக்கால் பூச்சியைப் பார்த்ததும் என்ன செய்வீர்கள்? அம்மாவைக் கூப்பிடுவீர்கள், ஒட்டடைக் கம்பு வந்துவிடும், அவ்வளவுதான்! ஸ்வீடன் நாட்டில் ஒருவர் அதையே மணிக்கணக்கில் உற்றுப் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் கார்ல் கிளர்க்.

1709ல் பிறந்த கிளர்க், உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பண வசதி இல்லாததால் படிப்பைப் பாதியில் விட்டார். பிறகு, ஸ்டாக்ஹோம் நகர வரி அலுவலகத்தில் வேலை. 1739ல் இயற்கை அறிஞர் லின்னேயஸ் அங்கு சொற்பொழிவாற்றியபோது, கிளர்க்கும் போய்க் கேட்டார். அப்போது அவருக்கு வயது 30. அன்று பற்றிய ஆர்வம் கடைசி வரை அணையவில்லை.

அந்நாளில் சிலந்திகளுக்கு முறையான பெயர் கிடையாது. ஒன்றைக் குறிப்பிட ஒரு நீண்ட வாக்கியமே எழுத வேண்டும்! லின்னேயஸ் 1753ல் செடிகளுக்கு இரண்டே சொல்லில் பெயர் வைத்துக் காட்டினார். கிளர்க் அந்த முறையைச் சிலந்திகளுக்குக் கொண்டு வந்தார்.

எப்படி அடையாளம் கண்டார் தெரியுமா? கண்கள் எத்தனை, எப்படி அமைந்திருக்கின்றன, வலை பின்னுமா, ஓடிப் பிடிக்குமா என்றெல்லாம் கவனித்தார். வீட்டு மூலையில் விரிப்பு போல வலை நெய்து, அதன் ஓரத்தில் குழாய் போன்ற பொந்தில் பதுங்கும் பழுப்புச் சிலந்திக்கு, வீட்டுக்குரியது என்ற பொருளில் டொமஸ்டிகஸ் என்று பெயரிட்டார். தோட்டத்தில் வட்ட வலை பின்னும், முதுகில் வெள்ளைச் சிலுவைக் குறியுள்ள சிலந்தி, டயடிமேட்டஸ். மகுடம் சூடியது என்று அர்த்தம். வெயில் படும் சுவரில், வலையே கட்டாமல் தாவி இரை பிடிக்கும் கறுப்பு வெள்ளை வரிச் சிலந்திக்கு சீனிக்கஸ், அதாவது நாடக மேடைக்குரியது என்று பெயர். பொருத்தமான பெயர்தான்! முன்பக்கம் இரண்டு பெரிய கண்கள் இருக்கும். நம் வீட்டுச் சுவரில் தாவும் குட்டிச் சிலந்தியும் இதே குடும்பம்தான். இனம் மட்டும் வேறு. கையால் தொடாமல், பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

1757ல், அறுபதுக்கும் மேற்பட்ட சிலந்திகளை வண்ணப் படங்களோடு புத்தகமாக வெளியிட்டார்.

இங்கேதான் சிக்கல். விலங்குகளின் அறிவியல் பெயர்களை, லின்னேயஸின் 1758ம் ஆண்டு நூலிலிருந்தே கணக்கிடுவது என்று பிற்கால அறிஞர்கள் முடிவு செய்தனர். அதற்கு முந்தைய பெயர்கள் செல்லாது. கிளர்க்கின் நூலோ ஓராண்டு முந்தியது! அத்தனை உழைப்பும் வீணாகியிருக்கும். சிலுவைச் சிலந்திக்கு லின்னேயஸ் தன் நூலில் சற்று வேறுபட்ட பெயரும் கொடுத்திருந்தார்.

நல்ல வேளை, கிளர்க்குக்காக விதியில் விலக்கு அளித்தனர். அவரது நூல் 1758 ஜனவரி 1ல் வெளியானதாகக் கொள்ளப்படும்; இருவர் வைத்த பெயரும் மோதினால், கிளர்க் வைத்ததே நிற்கும். பெரிய அறிஞரான லின்னேயஸின் பெயரே பின்னுக்குப் போனது!

இது எதுவும் கிளர்க்குக்குத் தெரியாது. 1765லேயே காலமாகிவிட்டார். ஆனால், உலகச் சிலந்திப் பட்டியலில் டயடிமேட்டஸைத் தேடினால், பக்கத்தில் கிளர்க், 1757 என்றுதான் இருக்கும்.