ஆர்தர் செர்பியஸ்

ஆர்தர் செர்பியஸ் (அக்டோபர் 30, 1878 – மே 13, 1929) ஒரு ஜெர்மானிய மின்பொறியாளர் ஆவார். எனிக்மா என்னும் மறையீட்டு இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் இவரே. இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற இவ்வியந்திரம், முதலில் வங்கிகள், வணிக நிறுவனங்கள் ஆகியவற்றின் செய்திகளைப் பாதுகாக்கும் அலுவலகக் கருவியாகவே விற்பனைக்கு வந்தது.

கல்வியும் பணியும்

செர்பியஸ் ஜெர்மனியின் பிராங்க்ஃபுர்ட் நகரில் பிறந்தார். மியூனிக்கிலும் பின்னர் ஹனோவரிலும் மின்பொறியியல் பயின்றார். நீர்ச்சுழலிகளின் வேகக் கட்டுப்பாடு பற்றிய ஆய்வுக்காக 1904 இல் முனைவர் பட்டம் பெற்றார். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் மின் நிறுவனங்களில் பணியாற்றினார். தூண்டல் மின்னோடிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை ஒன்று இவர் பெயரால் வழங்குகிறது.

எனிக்மா

தந்தியாக அனுப்பப்படும் வணிகச் செய்தி பலர் கண்ணில் பட்டே சேரிடம் சென்றது. இதற்குத் தீர்வாக, சுழலும் சக்கரங்களைக் கொண்ட மறையீட்டு இயந்திரத்துக்கு 1918 பெப்ரவரி 23 அன்று காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஜெர்மன் கடற்படையும் வெளியுறவுத் துறையும் அப்போது அதனை ஏற்கவில்லை. எனவே வணிகர்களை நாடினார். 1923 இல் பெர்லினில் இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1924 இல் ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற உலக அஞ்சல் ஒன்றிய மாநாட்டில் இயந்திரம் காட்சிக்கு வைக்கப்பட்டது. எனினும் வணிக நிறுவனங்கள் மிகச் சிலவே இதனை வாங்கின.

முதல் உலகப் போரில் தன் குறியீட்டு நூல்கள் பிரித்தானியரிடம் சிக்கியிருந்ததை ஜெர்மன் கடற்படை பின்னரே அறிந்தது. அதன்பின் 1926 இல் கடற்படையும் 1928 இல் தரைப்படையும் எனிக்மாவை ஏற்றன.

செயற்படும் முறை

விசை ஒன்றை அழுத்தும்போது மின்னோட்டம் சக்கரங்களின் உட்கம்பிகள் வழியே சென்று வேறோர் எழுத்துக்குரிய விளக்கை எரியச் செய்யும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் சக்கரம் ஒரு படி நகர்வதால், அதே விசையை மீண்டும் அழுத்தினால் பெரும்பாலும் வேறு எழுத்தே கிடைக்கும். பெறுபவர் தம் இயந்திரத்தை அதே தொடக்க நிலையில் வைத்தால்தான் செய்தியைப் படிக்க இயலும். எனவே இயந்திரம் பிறர் கைக்குச் சென்றாலும், அந்தத் தொடக்க நிலையாகிய திறவுகோல் வெளியாகாதவரை செய்தி பாதுகாப்பானது என்பதே அடிப்படைக் கருத்து ஆகும்.

இறப்பும் பின்விளைவும்

செர்பியஸ் 1929 இல் குதிரை வண்டி விபத்தில் காயமுற்று இறந்தார். அவரது கண்டுபிடிப்பு பல்லாயிரக்கணக்கில் பயன்படுத்தப்பட்டதையோ அது முறியடிக்கப்பட்டதையோ அவர் காணவில்லை.

ஜெர்மன் தரைப்படை 1930 இல் இணைப்புப் பலகை ஒன்றைச் சேர்த்து இயந்திரத்தை வலுப்படுத்தியது. ஆயினும் 1932 இறுதியில் போலந்துக் கணிதவியலாளர் மரியான் ரெஜெவ்ஸ்கி அதன் உட்கம்பி அமைப்பைக் கணக்கிட்டுக் கண்டறிந்தார். ஜெர்மன் மறையீட்டு அலுவலக ஊழியர் ஒருவர் பிரெஞ்சு உளவுத்துறைக்கு விற்ற ஆவணங்கள் அவருக்கு உதவின. ஒவ்வொரு செய்திக்குமான திறவுகோலை இருமுறை மறையீடு செய்து அனுப்பும் வழக்கமும் வழிகாட்டியது. போர்க்காலத்தில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங் உள்ளிட்டோர் இப்பணியைத் தொடர்ந்தனர். எந்த எழுத்தும் தானாகவே மறையீடாகாது என்ற வடிவமைப்புக் குறையும், ஊகிக்கத்தக்க சொற்களையும் திறவுகோல்களையும் இயக்குநர்கள் பயன்படுத்தியதும் அவர்களுக்குத் துணைபுரிந்தன.