ஜார்ஜ் லெமைத்ர

பெல்ஜியம் நாட்டில் சார்லெருவா என்னும் தொழில் நகரில், 1894ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் பிறந்தவர் ஜார்ஜ் லெமைத்ர. அறிவியலாளராக வேண்டும், கத்தோலிக்கக் குருவாகவும் வேண்டும் என்னும் இரு விருப்பங்களும் அவருக்குச் சிறு வயதிலேயே தோன்றின. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட அவர் எண்ணவேயில்லை.

முதல் உலகப் போர் மூண்டபோது பொறியியல் படிப்பை நிறுத்திவிட்டுப் படையில் சேர்ந்தார். போருக்குப் பின் கணிதமும் இயற்பியலும் பயின்று, 1923இல் குருவானார்.

பேரண்டம் என்றும் மாறாமல் இருக்கிறது என்றே அக்காலத்து அறிஞர் பலரும் நம்பினர். ஐன்ஸ்டைனும் அவ்வாறே கருதினார். லெமைத்ரவோ, அந்த ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக் கொண்டே, பேரண்டம் விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927இல் காட்டினார். புள்ளிகள் இட்ட பலூனை ஊதினால் புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் அல்லவா? விண்மீன் திரள்களும் அவ்வாறே விலகுகின்றன. அவ்வாண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் அவரைச் சந்தித்த ஐன்ஸ்டைன், கணக்கில் பிழையில்லை என ஒப்பினாலும் முடிவை ஏற்கவில்லை. அவர் மனம் மாறச் சில ஆண்டுகள் ஆயின.

விரியும் பேரண்டம் தொடக்கத்தில் ஒரே அணுவைப் போல் செறிந்திருக்க வேண்டும் என்று 1931இல் லெமைத்ர எழுதினார். இன்றைய பெருவெடிப்புக் கொள்கைக்கு அதுவே வித்து. உலகுக்குத் தொடக்கம் உண்டு என்று ஒரு குருவே சொன்னதால், சமயத்தை அறிவியலுக்குள் புகுத்துகிறாரோ எனச் சிலர் ஐயுற்றனர்.

1951இல் உண்மையான சோதனை வந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரான திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், இறைவன் உலகைப் படைத்தார் என்பதற்கு இப்புதிய வானியல் சான்று தருகிறது என்னும் பொருள்பட உரையாற்றினார். வேறொருவராயின் பெருமகிழ்ச்சி அடைந்திருப்பார். லெமைத்ர வருந்தினார். தம் கொள்கை இன்னும் மெய்ப்பிக்கப்படாதது; அதை இறைநம்பிக்கை உடையவரும் இல்லாதவரும் ஒருபோலவே ஆராயலாம் என்பது அவர் கருத்து. தாம் பணிந்து நடக்க வேண்டிய தலைவரின் கூற்றாயினும் அவர் வாளா இருக்கவில்லை. திருத்தந்தையின் அறிவியல் ஆலோசகரிடம் தம் கவலையை எடுத்துரைத்தார். மறு ஆண்டு உரோமையில் வானியலாளரிடையே பேசியபோது திருத்தந்தை அக்கருத்தை வலியுறுத்தவில்லை.

பெருவெடிப்பின் எச்சமான மெல்லிய கதிர்வீச்சு வானெங்கும் பரவியுள்ளது என்னும் கண்டுபிடிப்பு 1965இல் வெளியாயிற்று. அப்போது லெமைத்ர நோயுற்றிருந்தார். நண்பர் ஒருவர் வந்து அச்செய்தியைத் தெரிவித்தார். அதனை அறிந்த பின்னரே, 1966ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், அவர் காலமானார்.